முகச் சுருக்கத்துக்கு முதல் போடாக்ஸ் ஊசி: தேதி குறிப்பது முதல் இரண்டாம் சுற்று வரை

இது டாக்டரின் நாற்காலியில் முதன்முறையாக உட்காரப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. தானே போட்டுக்கொள்ளவோ, பார்லரில் தெரிந்தவரை வைத்துப் போட்டுக்கொள்ளவோ இதைப் பயன்படுத்தாதீர்கள். யூனிட் (மருந்தின் வீரியத்தை அளக்கும் அலகு) கணக்கும் ஊசி படும் இடங்களும் கீழே வருகின்றன. உங்கள் முகத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்து, சரியான கேள்வியைக் கேட்பதற்காகவே அவற்றைத் தந்திருக்கிறோம்.

ஊசி போட்டு முடிக்கப் பத்து நிமிடம் போதும். முதல்முறை வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரங்களிலும் பிந்தைய இரண்டு வாரங்களிலும்தான். அதனால் படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எந்தச் சுருக்கம் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளரவிடுங்கள். பிறகு புருவத்தை நெரியுங்கள், உயர்த்துங்கள், பல் தெரியச் சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் வந்து மறையும் கோடுகளில் இந்த ஊசி நன்றாக வேலை செய்யும். முகம் சும்மா இருக்கும்போதும் பதிந்து நிற்கும் கோடு மங்கும், ஆனால் ஒரே சுற்றில் முழுதாகப் போகாது.

காரணம் இதுதான்: போட்டுலினம் என்ற இந்த மருந்து தோலை நிரப்புவதில்லை. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு நுனியிலிருந்து வெளிவருவதைத் தடுத்து, தசை சுருங்குவதை நிறுத்துகிறது. தோல் மடிவது நிற்பதால் கோடு தளர்கிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பு, கன்னத் தொய்வு, கழுத்துத் தோல் தளர்ச்சி ஆகியவற்றுக்குத் தசைச் சுருக்கம் முக்கியக் காரணம் அல்ல. அவற்றுக்காக இந்த ஊசியைக் கேட்டால் பணம்தான் வீண்.

போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். ஃபில்லர் என்பது பள்ளத்தை நிரப்பும் ஜெல். அது தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். புருவ மத்தி அந்த ஆபத்து அதிகம் உள்ள இடங்களில் ஒன்று. "போடாக்ஸ் வேண்டாம், அதே இடத்தில் ஃபில்லர் வைத்தால் ரொம்ப நாள் நிற்கும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். இன்னொரு வேறுபாடு: ஹையலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹையலுரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. போடாக்ஸ் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் அதைத் திருப்ப ஊசி கிடையாது, தானாகக் குறையும்வரை காத்திருக்க வேண்டும்.

2. உங்களுக்குப் போடலாமா?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போட வேண்டும். மையஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட்-ஈட்டன் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்குச் சிறு அளவுகூட விழுங்குவதையும் மூச்சையும் பாதிக்கக்கூடும். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால் மருந்தின் வேகம் கூடும், ஆகவே டாக்டரிடம் சொல்லுங்கள். பசும்பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கு டிஸ்போர்ட் என்ற இன்னொரு பிராண்ட் கூடாது, அதில் அந்தப் புரதம் இருக்கிறது.

ஊசி படும் இடத்தில் சீழ்ப் பருவோ புண்ணோ இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். பெண்கள் பலர் கவனிக்காதது ஸ்டிக்கர் பொட்டு. அதன் பசையால் புருவ மத்தியில் அரிப்பும் செதிலும் இருக்கும். ஊசி இறங்குவதும் அதே இடத்தில்தான். முதலில் அந்த அலர்ஜியைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

3. விசேஷத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு. மருந்து வேலையைத் தொடங்கவே 2 முதல் 3 நாள் ஆகும். முழுப் பலன் தெரிய 14 நாள். அப்போது ஏதாவது குறை தெரிந்து சின்னத் திருத்தம் போட்டால், அது படிய இன்னும் இரண்டு வாரம். ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கன்றி நீலம் கட்டினால் மறைய ஒரு வாரமோ பத்து நாளோ பிடிக்கும்.

எனவே முதல்முறை போடுகிறவர்கள் விசேஷத்துக்கு 5 முதல் 6 வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுவதே மேல். ஊசி பிசகி இமை தொங்கினால், அந்த முகம் ஆல்பத்தில் நிரந்தரமாக இருக்கும்.

4. யார் போடுகிறார்கள் என்று உறுதிசெய்யுங்கள்

"காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று போர்டில் எழுதிக்கொள்வது எளிது. நீங்கள் தேட வேண்டியது தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமா, இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். தமிழ்நாட்டு டாக்டர் என்றால் பெயரையோ பதிவு எண்ணையோ தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள மருத்துவக் கவுன்சிலில் பார்க்கலாம்.

போர்டில் உள்ள டாக்டரும் ஊசி போடுகிறவரும் ஒருவரேதானா என்பதையும் கேளுங்கள். ஆலோசனை டாக்டரிடம், ஊசி உதவியாளரிடம் என்று சில இடங்களில் நடக்கிறது. "இமை தொங்கினால் என்ன செய்வீர்கள், எந்த நாள் நான் திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். தினமும் போடுகிறவர் தயங்காமல் பதில் சொல்வார். "அதெல்லாம் வரவே வராது" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

5. குப்பியையும் யூனிட் கணக்கையும் புரிந்துகொள்ளுங்கள்

அதிகம் குழம்புவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான்.

மருந்து குப்பிக்குள் வெள்ளைப் பூச்சாக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் இருக்கும். போடாக்ஸ் குப்பி 50, 100, 200 யூனிட் அளவுகளில் வருகிறது. திறப்பதற்கு முன் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். 0.9 சதவீத சலைன் (உப்புநீர்) சேர்த்துத்தான் ஊசியில் ஏற்றுவார்கள். 100 யூனிட் குப்பியில் 2.5 மி.லி. சலைன் விட்டால் ஒவ்வொரு 0.1 மி.லி.யிலும் 4 யூனிட் இருக்கும். 50 யூனிட் குப்பிக்கு 1.25 மி.லி. கலக்கும்போது குப்பிக்குள் இருக்கும் வெற்றிடம் சலைனைத் தானாக உள்ளிழுக்கும். இழுக்கவில்லை என்றால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. கலந்ததைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்கிறது கம்பெனிக் குறிப்பு.

ஆக, சலைன் எவ்வளவு விட்டார்கள் என்று தெரியாமல் சிசி, அதாவது மி.லி., கணக்கில் "ஒரு சிசி போட்டோம்" என்பதற்குப் பொருளே இல்லை. கூடுதலாகச் சலைன் விட்டால் சிசி கூடும், மருந்து கூடாது. யூனிட்டில் மட்டும் பேசுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சிலும் ஒரு குழப்பம் உண்டு. இந்த ஊசியைப் பெரும்பாலும் அதில்தான் போடுவார்கள். அதன் U-100 வகையில் 1 மி.லி.க்கு 100 கோடு. அந்த எண்கள் இன்சுலின் யூனிட்டைக் குறிப்பவை. மேலே சொன்ன கலவையில் 10 கோடு என்பது 4 போடாக்ஸ் யூனிட். "சிரிஞ்சில் 50 வரை இருந்தது, 50 யூனிட் போட்டார்கள்" என்று நினைத்தவருக்குப் போனது உண்மையில் 20.

கம்பெனிக் குறிப்பில் போடாக்ஸுக்குள்ள அளவு: புருவ மத்திக்கு 5 இடத்தில் மொத்தம் 20 யூனிட், நெற்றிக்கு 5 இடத்தில் 20, கண்ணோரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 3 இடத்தில் 12 வீதம் மொத்தம் 24. மூன்றும் சேர்ந்தால் 64. நெற்றிக்கு மட்டும் இதைவிடக் குறைத்தே பல டாக்டர்கள் தொடங்குகிறார்கள். ஏன் என்பது அடுத்த படியில். ஆண்களுக்குத் தசை தடிமன், ஆகையால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

ஒரு பிராண்டின் யூனிட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. புருவ மத்திக்கு டிஸ்போர்ட் அளவு 50 யூனிட், போடாக்ஸிலும் சியோமின் என்ற மற்றொரு பிராண்டிலும் 20. "அங்கே 50 போட்டார்கள், இங்கே 20தான்" என்று சண்டை போடுவதற்கு முன் பிராண்டைக் கேளுங்கள்.

விலையை யூனிட்டுக்கு இவ்வளவு என்றோ, பகுதிக்கு இவ்வளவு என்றோ சொல்வார்கள். பகுதி விலையில் போடுவதாக இருந்தால் எத்தனை யூனிட் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். குப்பியை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லி, பிராண்ட், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் போனில் படம் எடுங்கள். முறையான கிளினிக்கில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். 2024 ஏப்ரல் நிலவரப்படி, அமெரிக்காவில் போலி மருந்தாலும், வீட்டிலும் ஸ்பாவிலும் போட்ட ஊசியாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. சலுகை விலை அளவுக்கு மீறி மலிவாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

6. முகத்தை அசைத்துக் காட்டிக் குறிக்கச் சொல்லுங்கள்

முழு வேலையிலும் மிக முக்கியமான படி இது. அவசரத்தில் நழுவுவதும் இதுதான்.

நெற்றித் தசை ஒன்றுதான் புருவத்தை மேலே தூக்குகிறது. புருவ மத்தித் தசைகளும் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் அதைக் கீழே இழுக்கின்றன. இது கயிறு இழுக்கும் போட்டி. நெற்றிக்கு மட்டும் ஊசி போட்டால் மேலே இழுப்பவர் கை தளர்ந்து, கீழே இழுப்பவர் ஜெயிப்பார். புருவம் இறங்கி, கண் கனத்துத் தூங்கி வழிவதுபோல ஆகிவிடும். "நெற்றிக் கோடு மட்டும் போதும், மற்றது வேண்டாம்" என்று செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு நேர்வது இதுவே. நெற்றிக்குப் போடுவதென்றால் புருவ மத்திக்கும் சேர்த்தே போடுவது வழக்கம். செலவைக் குறைக்க வேண்டுமானால் புருவ மத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாகவே நல்ல பலன் உண்டு.

40 வயதைத் தாண்டியவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். கண்ணை மூடி நெற்றியைத் தளரவிடுங்கள். உள்ளங்கையால் நெற்றியை அசையாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். இமை கனத்து, பார்வையின் மேற்பகுதி மறைகிறதா? அப்படியானால் நாள் முழுவதும் நெற்றித் தசையின் உதவியால்தான் நீங்கள் கண்ணைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். அந்த நெற்றிக் கோடுகள் அதன் அடையாளம். அதை முடக்கினால் கோடு போகும், கண் மூடிக்கொள்ளும். இப்படிப்பட்டவர்கள் நெற்றி ஊசியைத் தவிர்க்க வேண்டும், அல்லது மேல் நெற்றியில் மட்டும் மிகக் குறைந்த அளவு.

இடங்களைப் பொறுத்தவரை மூன்று எல்லைகள் தெரிந்தால் போதும். புருவ மத்தித் தசைக்கான ஊசி கண்குழி எலும்பு விளிம்புக்குக் குறைந்தது 1 செ.மீ. மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து இறங்கி இமையைத் தூக்கும் தசையைப் பிடிக்கும். நெற்றி ஊசியைப் புருவத்திலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளியே தொடங்குவார்கள். கண்ணோர ஊசி கண் முனையிலிருந்து 1.5 முதல் 2 செ.மீ. வெளியே. அதற்கும் கீழே கன்னத்துப் பக்கம் இறங்கினால் சிரிக்க உதவும் தசையில் பட்டு வாய் ஒரு பக்கம் கோணும்.

டாக்டர் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்து, நெரி, உயர்த்து, சிரி என்று சொல்லி வெள்ளைப் பென்சிலால் புள்ளி வைப்பார். படுக்கவைத்து, அசையாத முகத்தில் அளந்து குறித்தால் நிறுத்திக் கேளுங்கள். படுத்தால் புருவத்தின் நிலை மாறிவிடும்.

குறிப்பதற்கு முன் நான்கு படம் எடுக்க வேண்டும்: சும்மா, நெரித்து, உயர்த்தி, சிரித்து. உங்கள் போனிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்குப் பிறவியிலேயே ஒரு புருவம் சற்று உயரம். ஊசிக்குப் பிறகுதான் முதன்முறையாக அதைக் கவனித்து, ஊசியால் வந்தது என்று பதறுவார்கள்.

7. முந்தைய வாரம்

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிங்கோ, பூண்டு மாத்திரை ஆகியவை நீலம் கட்டுவதைக் கூட்டும். ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடலாம். குழம்பில் போடும் பூண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்கள் நீங்களாக நிறுத்தவே கூடாது. நீலம் ஒரு வாரத்தில் போய்விடும். ரத்தக்கட்டி அப்படிப் போகாது. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் சொன்னால், அதற்கேற்ப மெல்லிய ஊசியால் போட்டு, போட்ட இடத்தைப் பஞ்சால் கூடுதலாக அழுத்திப் பிடிப்பார்.

புருவ த்ரெடிங், ஃபேஷியல், பீலிங் எல்லாவற்றையும் மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

8. ஊசி போடும் நாள்

வெறும் வயிற்றோடு வராதீர்கள், விரத நாளைத் தவிருங்கள். ஊசியைப் பார்த்து மயங்கி விழுகிறவர்களில் பலர் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள்.

மேக்கப், சன்ஸ்கிரீன், திருநீறு, குங்குமம், பொட்டு அத்தனையையும் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் அது உலரும்வரை பொறுக்க வேண்டும். மரத்துப்போகும் களிம்பு பெரும்பாலும் தேவையில்லை, ஒரு நிமிடம் ஐஸ் வைத்தாலே போதும்.

30 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி. எறும்பு கடித்த வலிதான் இருக்கும், புருவ மத்தியில் மட்டும் கண்ணில் நீர் வரலாம். போட்ட இடங்களில் கொசுக்கடி போல எழும் தடிப்பு அரை மணிக்குள் அமுங்கும். ரத்தம் கசிந்தால் பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். கிளம்புவதற்கு முன் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள்.

எந்த இடத்தில் எத்தனை யூனிட் என்று குறித்த முகப் படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் சுற்றில் அதுதான் கைகொடுக்கும்.

9. அடுத்த 24 மணி நேரம்

நோக்கம் ஒன்றே: மருந்து போட்ட தசையிலேயே தங்க வேண்டும், பக்கத்துத் தசைக்குப் பரவக் கூடாது. போட்ட இடத்தைத் தேய்ப்பது, அழுத்துவது, மசாஜ் எல்லாம் கூடாது. அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்காதீர்கள், தலையில் எண்ணெய் வைத்து அழுத்துகிற கை நெற்றிக்கும் இறங்கும். நெற்றியை இறுக்கும் ஹெல்மெட்டைத் தவிர்க்க, திரும்பும்போது ஆட்டோவில் போங்கள்.

நான்கு மணி நேரம் படுக்க வேண்டாம் என்பார்கள். இதற்கு வலுவான ஆதாரம் இல்லை, ஆனாலும் செய்வதில் நஷ்டம் இல்லை. ஜிம், சிரசாசனம், மது ஆகியவற்றை ஒரு நாள் தள்ளிவையுங்கள், நீலம் கட்டுவதாவது குறையும். முதல் ஒரு மணி நேரம் முகத்தை அவ்வப்போது நெரித்து உயர்த்தச் சொல்வார்கள் சிலர். பலன் சற்று முன்னதாகத் தெரியலாம், இரண்டு வாரத்தில் வித்தியாசம் இருக்காது.

துளைகள் மூடும்வரை, அதாவது மறுநாள்வரை, பொட்டும் மேக்கப்பும் வேண்டாம். முகத்தை மெதுவாகக் கழுவலாம். தலைவலி வந்தால் பாரசிட்டமால் போதும்.

10. பதினான்கு நாள் பொறுமை

மறுநாள் கண்ணாடியில் எதுவும் மாறியிருக்காது. மூன்றாம் நாள் நெரிக்கும்போது ஏதோ பிடித்தாற்போல இருக்கும். ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி வேலை செய்வதும் உண்டு. அந்தச் சமயத்தில் போய் "இந்தப் பக்கம் பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்டால், பதினான்காம் நாள் அந்தப் பக்கம் கூடுதலாக முடங்கிவிடும். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதை மறக்காதீர்கள்.

பதினான்காம் நாள் அதே வெளிச்சத்தில் அதே நான்கு படங்களை எடுத்து, டாக்டரிடம் நேரில் போங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் போங்கள். உங்களுக்குச் சரியான அளவு எது என்பது அப்போதுதான் டாக்டருக்குத் தெரியவரும்.

11. பிசகினால்

புருவத்தின் வெளி முனை மட்டும் வில்லாக மேலே ஏறினால், நெற்றியின் ஓரத் தசை தப்பிவிட்டது என்று பொருள். அங்கே 1 அல்லது 2 யூனிட் போட்டால் இறங்கிவிடும். எளிதில் சரியாகும் பிசகு இது.

புருவம் மொத்தமாக இறங்கிவிட்டால் செய்ய அதிகம் இல்லை. மருந்து குறையக் குறையத் தூக்கிக்கொள்ளும்.

இமை தொங்குவது வேறு. முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். அப்ராகுளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு மருந்து இமையை 1 முதல் 2 மி.மீ. தூக்கும், அதுவும் சில மணி நேரத்துக்கே. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும் விடுங்கள். இமையைத் தேய்த்து மசாஜ் செய்தால் பயன் இல்லை.

விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், நாக்குக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தளர்ச்சி: இவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்து காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். இது மிக அரிது. ஆனால் சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். "போட்டுலினம் ஊசி போட்டிருக்கிறேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லி, எடுத்து வைத்த பேட்ச் எண் படத்தைக் காட்டுங்கள்.

12. இரண்டாம் சுற்று

மூன்று நான்கு மாதத்தில் அசைவு திரும்பும். லேசாக அசையத் தொடங்கியதுமே ஓடத் தேவையில்லை. இரண்டு சுற்றுக்கு இடையே குறைந்தது மூன்று மாதம் விடுங்கள். அடிக்கடி, அதிக அளவில் போட்டால் உடம்பு மருந்துக்கு எதிரான ஆன்டிபாடியை உருவாக்கி, பிறகு ஊசி வேலை செய்யாமலே போகக்கூடும்.

ஒரு சுற்றோடு நிறுத்தினால் முகம் முன்பைவிட மோசமாகிவிடும் என்பது தவறான பயம். தசை பழைய நிலைக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

அடுத்த முறை போகும்போது முகப் படத்தின் நகல், பதினான்காம் நாள் படங்கள், அசைவு எந்த வாரம் திரும்பியது என்ற குறிப்பு மூன்றையும் கொண்டுபோங்கள். டாக்டரையோ பிராண்டையோ மாற்றுவதாக இருந்தால், பழைய பிராண்டின் பெயரையும் கூடவே சொல்லுங்கள்.